கல்லைக் கொடுத்த தீவு

உட்லண்ட்ஸ் நீர்முகப்புப் பூங்காவின் படகுத்துறையில் நின்றால், ஜோகூர் பாருவை நோக்கி நீளும் கடற்பாலம் தெரியும். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைக் கடலில் கருங்கற்களைக் கொட்டித்தான் எழுப்பினார்கள். அக்கற்களில் ஒரு பகுதி புக்கிட் தீமாவிலிருந்தும், மற்றொரு பகுதி புலாவ் உபின் என்னும் தீவிலிருந்தும் வந்தது.

உபின் தீவு சிங்கப்பூரின் வடகிழக்கே, ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. உட்லண்ட்ஸ்வாசிகள் தெம்பனிஸ் சென்று, அங்கிருந்து 29ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜை அடையலாம். பிறகு பம்போட் எனப்படும் சிறு படகில் பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். படகுக்கு நேர அட்டவணை இல்லை. 12 பேர் சேர்ந்ததும் புறப்படும். காத்திருக்க விரும்பாதவர்கள் 12 பேருக்கான கட்டணத்தையும் செலுத்தி, முழுப் படகையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தீவில் அடுக்குமாடி வீடுகள் இல்லை. ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த இடத்தில் இன்று மிகச் சிலரே கம்பத்து வீடுகளில் வசிக்கின்றனர். கடைசிக் கல்லுடைப்புச் சுரங்கம் 1999இல் மூடப்பட்டது. பாறையைத் தோண்டியெடுத்த பள்ளங்களில் மழைநீர் நிறைந்து, அவை ஏரிகளாகிவிட்டன. அவற்றுள் ஒன்றின் கரையோர மரங்களில் இப்போது நாரைகள் கூடு கட்டுகின்றன.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்னும் ஈரநிலம் உள்ளது. அதைக் கடலோடு சேர்த்து மண்ணிட்டு நிரப்பத் திட்டமிடப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தாவரவியலாளர் ஜோசப் லாய் அங்குள்ள உயிர்வளத்தைக் கண்டார். செய்தி பரவியதும் மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். தொண்டூழியர்கள் உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். பலர் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினர். 2001ஆம் ஆண்டு டிசம்பரில், பணி தொடங்கவிருந்த தறுவாயில், அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. திட்டம் கைவிடப்படவில்லை, தள்ளிவைக்கத்தான் பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். மேம்பாட்டுக்கு அந்நிலம் தேவைப்படாத வரை அதை அப்படியே விடுவது என்பதே முடிவு.

செக் ஜாவாவில் கடற்கரை, பாறை, கடற்புல்வெளி, சதுப்புநிலக் காடு எனப் பலவகை வாழிடங்கள் அருகருகே உள்ளன. 2007இல் திறக்கப்பட்ட மரப்பலகைப் பாதையில் நடந்தபடி அவற்றைப் பார்க்கலாம். ஆனால், நேரம் பார்த்துச் செல்லவேண்டும். கடல் வற்றும் சில மணி நேரத்தில்தான் நட்சத்திர மீன்களும் கடற்சாமந்திகளும் வெளிப்படும். நீர் ஏறிவிட்டால் வெறும் கடல்தான். ஆகவே, கடல்மட்ட அட்டவணையைப் பார்க்காமல் படகேறுவோர் ஏமாற்றத்துடன் திரும்புவதுண்டு.

அந்த உயிரினங்களுக்கு உப்புநீரின் அளவே உயிர். 2006ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த கனமழையால் ஜோகூர் ஆற்றிலிருந்து நன்னீர் பெருமளவில் வந்து கலந்தது. கடல்நீரின் உப்புத்தன்மை குறைந்து, செக் ஜாவாவில் ஏராளமான உயிரினங்கள் மடிந்தன. மனிதர் கை படாமலேயே நேர்ந்த இழப்பு அது. மீண்டும் அவை பெருகப் பல மாதங்கள் ஆயின.

ஜெட்டி அருகே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். செக் ஜாவா நுழைவாயிலில் அதை நிறுத்திவிட்டு, உள்ளே நடந்துதான் செல்லவேண்டும். வழியில் காட்டுப்பன்றிகள் எதிர்ப்படலாம். அவற்றுக்கு உணவு கொடுக்கக்கூடாது. மாலையில் திரும்பும்போதும் 12 பேர் சேரவேண்டும் என்பதால், இருட்டுவதற்கு முன்பே ஜெட்டிக்கு வந்துவிடுவது நல்லது.