டவர் இல்லாத மலையில் வழி சொல்வது யார்?

(மூன்றாம் ஆண்டு மாணவர், கணினிப் பொறியியல் பிரிவு)



போன பலாப்பழ சீசனில் அப்பாவோடு குட்டியானையில் கொல்லிமலைக்கு லோடு ஏற்றப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போனதும் செல்போனில் சிக்னல் போயே போச்சு. ஆனால் மேப்பில் எங்கள் நீலப் புள்ளி மட்டும் ஜம்மென்று நகர்ந்துகொண்டிருந்தது. "டவரே இல்லாத இடத்துல இது எப்படிடா வழி சொல்லுது? நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற, சொல்லு பாப்போம்" என்றார் அப்பா. நான் திருதிருவென விழித்தேன். அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: நாம் இருக்கும் இடம் போனுக்கு எப்படித் தெரிகிறது? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வானொலி நிலையம் மாதிரி நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். இதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை.

அடுத்தது வரைபடம். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தகவல்களைத்தான் பல ஆஃப்லைன் செயலிகள் பயன்படுத்துகின்றன. அதில் சாலை என்பது படமே அல்ல. அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட புள்ளிகள். புள்ளிகளை வரிசையாகக் கோத்தால் ஒரு பாதை. அதன் மேல் 'ஒருவழி', 'மண்ரோடு' என்று ஒட்டிய சீட்டுகள். இதை எக்ஸ்.எம்.எல். எழுத்தாக எழுதினால் கோப்பு பூதமாக வீங்கிவிடும். ஆகவே பி.பி.எஃப். என்ற பைனரி வடிவம் வந்தது. அதன் தந்திரம் எளியது. 11.2785431 டிகிரி என்பதை 112785431 என்று முழு எண்ணாக்குகிறார்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான்! அடுத்த புள்ளி 112785512 என்றால் முழுதாக எழுதாமல் வித்தியாசம் 81 மட்டும் எழுதினால் போதும். ஓரிரு பைட்டில் வேலை முடிந்தது.

ஆனாலும் பி.பி.எஃப். கோப்பை அப்படியே போனில் போட்டு வழி தேட முடியாது. ஒரு சந்திப்பில் எந்தெந்தச் சாலைகள் சேருகின்றன என்று அறிய கோப்பு முழுவதையும் புரட்ட வேண்டிவரும். எனவே செயலிக்காரர்கள் முன்கூட்டியே அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அட்டவணை போட்டு, தங்கள் சொந்த வடிவத்துக்கு மாற்றித் தருகிறார்கள். ஓஸ்ம்அண்ட் செயலிக்கு ஓ.பி.எஃப்., ஆர்கானிக் மேப்ஸுக்கு எம்.டபிள்யூ.எம். ஒன்றின் கோப்பு மற்றதற்கு உதவாது.

இனி வழி தேடும் கணக்கு. 1956-ல் ஹாலந்துக்காரர் டைக்ஸ்ட்ரா, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா பேப்பர் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்த முறை இது. 1959-ல் வெளியிட்டார். நம் ஊர்க் கணக்காகப் பார்ப்போம்.

ஹாஸ்டலிலிருந்து டீக்கடை 2 நிமிடம், பஸ் ஸ்டாண்டு 4 நிமிடம். டீக்கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு 1, ரயிலடி 8. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயிலடி 5. விதி ஒன்றுதான்: இதுவரை எட்டியதில் மிகக் குறைந்த நேரமுள்ள இடத்தை முதலில் முடிவு செய். டீக்கடை 2, முடிந்தது. அதன் வழியாகப் பஸ் ஸ்டாண்டு 4 அல்ல, 3 ஆகிறது, ரயிலடி 10. பிறகு பஸ் ஸ்டாண்டை முடித்தால் ரயிலடி 3+5=8. ஆக, டீக்கடை வழியே போவதுதான் லாபம். (டீ குடிக்க நின்றால் கணக்கு தப்பும்!)

இம்முறை எல்லாத் திசையிலும் குளத்து அலைபோல் பரவித் தேடும். 1968-ல் வந்த 'ஏ ஸ்டார்' முறை, இன்னும் போகவேண்டிய நேர்கோட்டுத் தூரத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் இலக்கின் பக்கமாகவே சாய்ந்து தேடுகிறது. 2008-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில், குறுக்குவழிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் முறையும் வந்தது. அதில் தேடல் மின்னல் வேகம். ஆனால் கோப்பின் அளவு கூடும்.

இவ்வளவு படித்தபின்தான் அன்று நடந்த கூத்துக்கும் காரணம் புரிந்தது. கண்ணெதிரே இருந்த கிளைரோட்டை விட்டுவிட்டு, மேப் எங்களைச் சுற்றுவழியில் அனுப்பியது. டீசல் வீண், லோடும் லேட். அப்பா என்னைத்தான் திட்டினார். வீடு வந்து பார்த்தால், அந்த இரண்டு சாலைகளும் படத்தில் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் பொதுவான புள்ளி ஒன்று இல்லை! கண்ணுக்குச் சந்திப்பு, கணக்குக்கு அது இரண்டு தனித்தனி ரோடு. டைக்ஸ்ட்ராவே வந்தாலும் இல்லாத இணைப்பின் வழியே போக முடியுமா?

நானே ஒரு கணக்குத் தொடங்கி அந்தப் புள்ளியை இணைத்தேன். ஆனாலும் அப்பாவின் போன் பழைய வழியையே சொன்னது. ஏனென்றால் ஆஃப்லைன் வரைபடத்துக்கு இறக்கிய நாளோடு வளர்ச்சி நின்றுவிடும். புதுக் கோப்பு வந்து, அதை இறக்கிய பிறகுதான் சரியான வழி காட்டியது. "பரவால்லடா, படிச்சது வீண் போகல" என்றார் அப்பா. செமஸ்டர் மார்க்கை விட அது எனக்குப் பெரிசு.

நண்பர்களே, உங்கள் ஊர்ச் சந்தும் பொந்தும் உங்களை விட யாருக்குத் தெரியும்? இந்த லீவில் ஊருக்குப் போனால் உங்கள் தெருவை ஒருமுறை மேப்பில் திறந்து பாருங்கள். விட்டுப்போன ஒரு புள்ளியை நீங்கள் வைத்தால், முகம் தெரியாத ஒரு டிரைவர் சரியான நேரத்துக்கு வீடு போய்ச் சேருவார்.