‘மாக்’ என்றால் கேலியா, ஒத்திகையா? ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு முகங்கள்

நாடு முழுவதும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் 2025 மே 7 அன்று ஒத்திகை நடத்துமாறு மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியபோது, ‘மாக் டிரில்’ என்ற சொல் வீடுதோறும் ஒலித்தது. 2024 பிப்ரவரியில் சண்டிகர் மேயர் தேர்தல் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம் ‘மாக்கரி’ என்ற சொல்லைக் கையாண்டது. முன்னது உயிர் காக்கும் பயிற்சி. பின்னது கடும் கண்டனம். இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே.

‘மாக்’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வினைச்சொல். ஏமாற்றுதல், ஏளனம் செய்தல் என்பவையே அதன் தொடக்கப் பொருள்கள். ஒருவரைப் பழிக்க விரும்புவோர் அவரது பேச்சையும் நடையையும் நடித்துக் காட்டுவது உலக வழக்கம் என்பதால், போலச் செய்தல் என்ற பொருளும் காலப்போக்கில் சேர்ந்துகொண்டது. அதிலிருந்து ‘மெய்யானது அல்ல, மெய்யைப் போன்றது’ என்ற பெயரடைப் பொருள் கிளைத்தது. மாணவர்கள் எழுதும் ‘மாக் டெஸ்ட்’, வேலை தேடுவோர் பழகும் ‘மாக் இன்டர்வியூ’, மதுவே சேராத ‘மாக்டெயில்’ ஆகிய அனைத்தும் இந்தக் கிளையில் வந்தவை. இவற்றில் கேலி துளியும் இல்லை.

வினைச்சொல்லாக வரும்போதோ கேலி மட்டுமே மிஞ்சுகிறது. ‘தே மாக்ட் ஹிஸ் ஆக்சென்ட்’ என்றால், அவரது உச்சரிப்பை அவர்கள் ஏளனம் செய்தனர் என்று பொருள். நண்பர்களுக்கிடையேயான விளையாட்டுக் கிண்டலுக்கு ‘டீஸ்’ என்ற சொல் உண்டு. அங்கே கிண்டலுக்கு ஆளானவரும் சேர்ந்து சிரிக்கலாம். ‘மாக்’ என்று எழுதிவிட்டால் அவர் சிறுமைப்படுத்தப்பட்டார் என்பதே செய்தி. தமிழில் இதற்கு ஏளனம், எள்ளல் ஆகியவை நெருக்கமானவை. நகை பிறக்கும் காரணங்களைச் சொல்லும் தொல்காப்பியம் எள்ளலையே முதலில் வைக்கிறது.

நடித்துக் காட்டுவது எப்போது ஏளனம் ஆகிறது? இந்தக் கேள்வி நாடாளுமன்ற வளாகத்திலேயே எழுந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த 2023 டிசம்பரில், திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் கல்யாண் பானர்ஜி, அப்போதைய மாநிலங்களவைத் தலைவர் ஜக்தீப் தன்கர் போல வாயிற்படிகளில் நடித்துக் காட்டினார். மிமிக்ரி ஒரு கலை, எவரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்பது பானர்ஜியின் விளக்கம். தமது பதவிக்கும் விவசாயப் பின்னணிக்கும் இழைக்கப்பட்ட அவமதிப்பு என்பது தன்கரின் நிலைப்பாடு. ஒரே செயலை ஒரு தரப்பு ‘மிமிக்ரி’ என்றும், மறுதரப்பு ‘மாக்கரி’ என்றும் அழைத்தது. முதற்சொல் செயலை மட்டும் குறிக்கிறது. இரண்டாவது, செய்தவரின் மனத்தையும் சேர்த்து மதிப்பிடுகிறது. ஆகவே செய்தி எழுதுவோர் இரண்டாம் சொல்லைத் தேர்ந்த கணமே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றனர்.

சிரிப்பே இல்லாத கேலி

‘மேக் எ மாக்கரி ஆஃப்’ என்ற தொடர் இன்னும் கனமானது. 2024 ஜனவரி 30 அன்று நடந்த சண்டிகர் மேயர் தேர்தலில் பதிவான 36 வாக்குகளில் 8 செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. பாஜக வேட்பாளர் 16 வாக்குகளுடன் வெற்றி பெற்றதாகவும், ஆம் ஆத்மி வேட்பாளர் குல்தீப் குமார் 12 வாக்குகள் பெற்றதாகவும் முடிவு வெளியானது. வாக்குச்சீட்டுகளில் தேர்தல் நடத்தும் அலுவலரே குறியிடும் காணொளியைப் பார்த்த தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, இது ஜனநாயகத்தைக் கேலிக்கூத்தாக்கும் செயல், ஜனநாயகப் படுகொலை என்று கண்டித்தது. பிப்ரவரி 20 அன்று அந்த 8 வாக்குகளும் செல்லும் என்று கூறி, குல்தீப் குமாரையே மேயராக அறிவித்தது.

இங்கே எவரும் எவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வாக்குச்சீட்டு இருந்தது, எண்ணிக்கை இருந்தது, அறிவிப்பும் இருந்தது. தேர்தலின் புறத்தோற்றம் முழுவதும் இருந்தும் உள்ளீடு இல்லை என்பதே குற்றச்சாட்டு. ‘கேலிக்கூத்து’ என்று தமிழ் நாளிதழ்கள் இதை மொழிபெயர்ப்பது மிகப் பொருத்தம். கூத்து என்பதும் நடிப்புதானே!

சட்ட மாணவர்கள் பழகும் ‘மாக் ட்ரயல்’ மாதிரி விசாரணை; அது பாராட்டுக்குரிய பயிற்சி. ‘எ மாக்கரி ஆஃப் எ ட்ரயல்’ என்பதோ, உண்மையான நீதிமன்றத்தில் நடந்த விசாரணை வெறும் நாடகம் என்ற வசை. விண்ணப்பத்திலோ கட்டுரையிலோ இவ்விரண்டும் இடம் மாறினால் விளைவு சிறியதாக இராது.

வாக்குச்சாவடிகளில் நடைபெறும் ‘மாக் போல்’ குறித்தும் இத்தகைய மயக்கம் உண்டு. இது போலி வாக்குப்பதிவு அன்று, மாதிரி வாக்குப்பதிவு. வாக்குப்பதிவு தொடங்கும் முன், வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் பதிவு செய்து இயந்திரம் சரிபார்க்கப்படுகிறது. பின்னர் அந்தப் பதிவுகள் அழிக்கப்படுகின்றன. ஒப்புகைச் சீட்டுகளும் அகற்றப்படுகின்றன. ‘மாக்’ என்பதைப் போலி என்று பெயர்த்துவிட்டால், முறைகேட்டைத் தடுக்கும் நடைமுறையே முறைகேடு போலத் தோன்றும்.

இலக்கணத்தில் ஒரு குறிப்பு. ‘லாஃப்’, ‘ஸ்காஃப்’, ‘ஜீர்’ ஆகியவற்றுக்குப் பின் இலக்கானவரைச் சுட்ட ‘அட்’ சேர்ப்பது வழக்கம். அதே பழக்கத்தில் ‘மாக் அட் ஹிம்’ என்று எழுதுவோர் நம்மிடையே பலர். பழைய நூல்களில் அவ்வழக்கு இருந்தாலும், இன்றைய ஆங்கிலத்தில் ‘மாக் ஹிம்’ என்பதே இயல்பு. ‘ரிடிக்யூல்’, ‘டிரைடு’, ‘டான்ட்’ ஆகிய சொற்களுக்கும் ‘அட்’ தேவையில்லை.