சோதனைக் காலம் – 7: கட்டிலா, குடிசைப் பாயா?

நாஜி மருத்துவர்கள் மீதான நியூரெம்பர்க் வழக்கில் 1947 ஆகஸ்டில் தீர்ப்பு வந்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். மனிதரைச் சோதனைக்கு உட்படுத்துமுன் அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு எழுதி வைத்தது. அதே ஆண்டில் பிரிட்டனின் சில மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அதில் மருந்து கிடைக்காத பாதிப் பேருக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருப்பதே தெரியாது. ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டு மருத்துவ ஆராய்ச்சிக்கு அச்சாக அமைந்தது அந்தச் சோதனைதான்.

அந்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. எலும்புருக்கி என்ற காசநோயை நேரடியாகத் தாக்கிய முதல் மருந்து. போரில் கஜானாவைக் கரைத்திருந்த பிரிட்டனிடம் அதை வாங்க டாலர் இல்லை, கிடைத்தது கொஞ்சம்தான். யாருக்குக் கொடுப்பது? மருத்துவரிடம் விட்டால் அவர் பிழைக்கக்கூடியவராகப் பார்த்துக் கொடுப்பார், அல்லது மனம் கேட்காமல் சாகக் கிடப்பவருக்குக் கொடுப்பார். இரண்டிலுமே மருந்தின் உண்மையான பலம் தெரியாமல் போகும். காசநோயில் விழுந்து, மருத்துவராகும் ஆசையையே கைவிட்டுப் புள்ளியியலுக்கு வந்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். அவர் ஒரு வழி சொன்னார். தற்செயல் எண் அட்டவணையைப் பார்த்து முன்கூட்டியே எழுதி ஒட்டிய உறைகள். நோயாளி சேர்ந்தபின் உறையைப் பிரிப்பது. உள்ளே இருப்பதுதான் சிகிச்சை.

55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 4 பேரும் அடுத்ததில் 14 பேரும் இறந்தார்கள். 1948 அக்டோபரில் முடிவு வெளியானது. இத்துடன் கதையை முடிப்பவர்களே அதிகம். ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது 32 பேர், 35 பேர் என்று இரண்டு பக்கமும் சாவு ஏறக்குறையச் சமமாகிவிட்டிருந்தது. கிருமி மருந்துக்குப் பழகிப்போனதுதான் முக்கியக் காரணம். பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அப்படிப் பழகாது என்று அதற்குள் தெரிந்துவிட்டது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. மலிவான மாத்திரை, ஊசியும் வேண்டாம்.

அந்த ஐந்தாண்டுக் கணக்கை 1954இல் எழுதியவர்களில் முதல் பெயர் வாலஸ் ஃபாக்ஸ். இரண்டு வருடத்தில் அவர் மதராஸில் இருந்தார்.

அன்றைய இந்தியாவில் காசநோயாளிகளோ பல லட்சம். அவர்களுக்கான படுக்கைகளோ மிகச் சொற்பம். தாம்பரத்தைத் தாண்டுமுன் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வரும் அளவுக்கு காசநோயாளிகளைத் தங்கவைக்கும் அந்த இல்லங்களின் மேல் நம்பிக்கை இருந்தது. நல்ல காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. உலகம் முழுக்க இதுதான் வைத்தியம். எல்லோருக்கும் கட்டில் போட நாட்டில் பணமில்லை என்ற நிலையில்தான், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையத்தைத் தொடங்கின.

பிரிட்டனில் மருந்துக்குப் பஞ்சம், இங்கே கட்டிலுக்குப் பஞ்சம். பஞ்சம் இருந்ததால்தான் ‘பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விடலாமா?’ என்ற கேள்வி இரண்டு இடத்திலும் பெரிதாக எழவில்லை. எப்படியும் கிடைக்காத ஒன்றை மறுப்பதாகாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. ஆனால் கையிலிருந்ததைச் செல்வாக்குள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பதைவிட அது நேர்மையானது என்பதை மறுக்கவும் முடியவில்லை.

சேத்துப்பட்டுச் சோதனையில் 193 நோயாளிகள். பெரும்பாலோர் நகரத்து ஏழைகள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு, ஒரு பிரிவு அவரவர் வீட்டுக்கு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம். வீட்டுக்குப் போனவர்களுக்கு வீடு என்பது பலசமயம் ஒற்றை அறை. அதில் ஐந்தாறு பேர், ஒரே பாயில் குழந்தைகளும். அரைவயிற்றுச் சாப்பாடு. உடம்பு தேறியதும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அன்றைய பாடப்புத்தகப்படி பார்த்தால் இவர்களுக்குக் குணமாகவே கூடாது.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. ஆண்டு இறுதியில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. சானடோரியத்துக்காரர்களுக்கு எடை நன்றாகக் கூடியிருந்தது. கிருமி அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எல்லோரும் அஞ்சியது வீட்டிலிருப்பவர்களுக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்று. குடும்பத்தினரையும் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. பரவ வேண்டியது சிகிச்சைக்கு முன்பே பரவிவிட்டது. மருந்து தொடங்கியபின் நோயாளியால் ஆபத்து குறைவு. மேலை நாடுகளில் சானடோரியங்களை மூடுவதற்கு இந்த மதராஸ் முடிவும் துணை நின்றது.

அந்த 86 சதவீதம் எப்படி வந்தது என்பதைத்தான் பலரும் கவனிக்கத் தவறினார்கள். பி.ஏ.எஸ். ஒரு வாய்க்கொவ்வாத மருந்து. நாளைக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இருமல் நின்றதும் அதை நிறுத்தத்தான் யாருக்கும் தோன்றும். அதனால் மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிச் சோதிப்பார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் அது நிறம் காட்டிக் கொடுக்கும். வராதவரைத் தேடிப் போவார்கள். மருந்து முழுக்க இலவசம். கட்டிலுக்குப் பதிலாக நின்றது வீடு அல்ல, இந்த விடாப்பிடியான கவனிப்பு.

1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது அரசு மதராஸ் முடிவிலிருந்து எடுத்துக்கொண்டது வீட்டு வைத்தியம் என்ற மலிவான பாதியை. ஒரு மாதத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தேடிப்போக ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. பாதியில் நின்றவர்கள் ஏராளம். சேத்துப்பட்டுக்காரர்களுக்கு இது முன்பே புரிந்திருந்தது. வாரம் இரண்டு முறை வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுத்தால் போதும் என்று 1964இலேயே சோதித்து வெளியிட்டார்கள். அந்த யோசனை 1990களில் உலக சுகாதார நிறுவனத்தின் ‘டாட்ஸ்’ திட்டமாகி, புதுச்சரக்கு போல நமக்கே திரும்பி வந்தது.

இன்னொரு பிழையான வாசிப்பு, சாப்பாடு முக்கியமில்லை என்பது. மதராஸ் சோதனை கேட்டது ஒரே கேள்வி: நல்ல மருந்து உள்ளே போகும்போது சானடோரியத்துச் சாப்பாடும் ஓய்வும் குணத்தைக் கூட்டுமா? நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்குப் பசிதான் நோயை வரவழைக்கிறதா என்று அது கேட்கவில்லை. அதைக் கேட்க 2019 வரை ஆயிற்று. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 2023இல் வந்த முடிவு: அந்தப் பிரிவில் காசநோய் 39 சதவீதம் குறைவு. நுரையீரலைத் தாக்கும் தொற்றுவகையை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். ஆய்வில் பங்கேற்ற நிறுவனங்களில் ஒன்று சேத்துப்பட்டு மையம்தான். இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர்.

அங்கேயும் மறுபிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பை கிடைத்தது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு வழக்கமான ரேஷன்தான். எப்படியும் கிடைக்காததை மறுப்பதாகாது என்ற அதே வாதம், 1947இலிருந்து நடந்து ஜார்க்கண்ட் வரை வந்திருக்கிறது. அந்த வாதத்தைச் சாக்காக வைத்து அமெரிக்காவில் என்னவெல்லாம் நடந்தது என்பதையும், 1966இல் ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருத்துவர் சக மருத்துவர்களின் 22 ஆய்வுகளை எடுத்து அம்பலத்தில் வைத்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)