படகு வெள்ளிக்கிழமை ஓடாது

தீவு தீவாக – 6

மாலத்தீவு என்று சொன்னதுமே எல்லோருக்கும் தோன்றுவது ஒரே படம்தான். நீல நீரில் கால் ஊன்றி நிற்கும் குடில், அதன் படியிலிருந்து நேராகக் கடலுக்குள் இறங்கும் தேனிலவு ஜோடி. அந்தக் குடிலில் ஓர் இரவுக்கு ஐந்நூறு டாலர், ஆயிரம் டாலர் என்று விலை. அங்கே கொண்டுபோய் இறக்கும் கடல் விமானத்துக்குப் போக வர ஆளுக்கு நானூறு, ஐந்நூறு டாலர் தனி. விலையைப் பார்த்து, ‘இது நமக்கில்லை’ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டவர்களுக்கானது இந்த வாரம்.

நாம் போவது மாஃபுஷி. தலைநகர் மாலேயிலிருந்து தெற்கே ஏறக்குறைய 27 கிலோமீட்டர். தீவின் நீளமே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். வடக்குப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்கள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. தெற்குப் பக்கம் சுவர் எழுப்பிய சிறை. வழிகாட்டிப் புத்தகங்கள் சிறையை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். எனக்கு அப்படிப் போக மனமில்லை. நமக்கு இங்கே கிடைக்கிற மலிவு அறை அந்தச் சிறைக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

மாலத்தீவுக்குச் சுற்றுலா வந்தது 1972-ல். இத்தாலியப் பயணிகள் சிலர் வந்தார்கள். அதே ஆண்டு குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. ‘ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்’ என்பது அப்போது போட்ட பாதை. ஆளில்லாத தீவைக் குத்தகைக்கு எடு, சுற்றுலாப் பயணியை விமான நிலையத்திலிருந்து நேராக அங்கே கொண்டுபோ, அங்கிருந்தே திருப்பி அனுப்பு. மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவர் தங்குவதை 1980களில் அரசே கட்டுப்படுத்தியது. மதத்தையும் பண்பாட்டையும் காப்பதாகக் காரணம் சொன்னார்கள். நடந்தது என்னவென்றால், டாலர் குத்தகைதாரர்களின் கைக்குப் போனது. பக்கத்துத் தீவின் மீனவர் மகனுக்கு அந்த ரிசார்ட்டில் தட்டு எடுக்கும் வேலை வேண்டுமானால் கிடைக்கும். தன் வீட்டு மாடியில் ஒரு அறை கட்டி வாடகைக்கு விட முடியாது.

2003 செப்டம்பரில் மாஃபுஷி சிறையில் ஈவான் நசீம் என்ற 19 வயது இளைஞர் காவலர்களால் அடித்தே கொல்லப்பட்டார். கைதிகள் கொந்தளித்தார்கள், அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மேலும் சிலர் இறந்தார்கள். செய்தி மாலேக்குப் போய்ச் சேர்ந்ததும் தெருவில் நெருப்பு. 1978 முதல் ஆண்டுவந்த மாமூன் அப்துல் கயூம் அதன் பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட வேண்டியிருந்தது. 2005-ல் கட்சிகளுக்கு அனுமதி, 2008-ல் பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தல். முகமது நஷீத் வென்றார். அவருடைய அரசுதான் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி விட்டது. அப்படி முதலில் எழுந்து நின்ற தீவுகளில் ஒன்று மாஃபுஷி. கதை அதோடு நிற்கவில்லை. 2015-ல் நஷீத்துக்கே 13 ஆண்டு தண்டனை விதித்து இதே மாஃபுஷி சிறையில் அடைத்தார்கள். அப்போது தீவின் மறுமுனையில் வெள்ளைக்காரர்கள் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி பணப்பைக்கு வருவோம்.

விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். 2018-ல் பாலம் வந்தபிறகு அங்கிருந்து மாலேக்குப் பேருந்திலேயே போய்விடலாம். உள்ளூர்ப் பணமான ரூஃபியாவில் சில்லறை கொடுத்துக் கடக்கும் படகும் உண்டு. மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு இரண்டு வழி. ஸ்பீட் போட் என்றால் அரை மணி, முக்கால் மணி நேரம், இருபது டாலருக்கு மேல். அரசுப் படகு என்றால் ஒன்றரை மணி நேரம். கட்டணம் இரண்டு, மூன்று டாலருக்குள் முடிந்துவிடும். நம்மூர் டவுன் பஸ்ஸை அப்படியே கடலில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும் அது. அரிசி மூட்டை, டயபர் கட்டு, ஃபிரிட்ஜ், பள்ளிப் பிள்ளைகள், மாலேயில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பாட்டி. இந்தியா என்று சொன்னால், பாட்டி அநேகமாகத் திருவனந்தபுரம் என்று பதில் சொல்வார். மாலத்தீவுக்காரர்கள் தலைமுறையாக வைத்தியத்துக்கு வந்துபோகும் ஊர் அது. கண் அறுவை, மூட்டு அறுவை, மருமகள் பிரசவம் என்று பட்டியலே வைத்திருப்பார்கள்.

இந்தப் படகு வெள்ளிக்கிழமை ஓடாது. இது தெரியாமல் வியாழக்கிழமை இரவு மாலேயில் வந்து இறங்குகிறவர் ஒரு நாள் மாலேயில் மாட்டிக்கொள்வார், அல்லது ஸ்பீட் போட்டுக்குப் பத்து மடங்கு கொடுப்பார். குறைந்த செலவில் மாலத்தீவு பார்ப்பதன் சூட்சுமம் முழுக்க இந்தக் கால அட்டவணையில்தான் இருக்கிறது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் படகு கிழமையைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் அரசு நிறுவனமே வேகப் படகுச் சேவையும் தொடங்கியிருக்கிறது. உங்கள் தீவு அந்தத் தடத்தில் இருந்தால் யோகம்.

மாலேயில் மாட்டிக்கொண்டாலும் பெரிய மோசமில்லை. இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் அடுக்குமாடிகளைக் குத்திவைத்த ஊர், நடந்தே சுற்றிவிடலாம். 1658-ல் பவளக் கல்லில் கட்டிய ஹுகுரு மிஸ்கியீ பள்ளிவாசல், செதுக்கு வேலைக்காகவே நின்று பார்க்க வேண்டியது. வடக்குத் துறைமுகத்தை ஒட்டிய மீன் சந்தையில் சூரை மீனைக் கண் மூடித் திறப்பதற்குள் நாலாக வகுந்து போடுவார்கள். தெற்குச் சீமையில் நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசி இந்தச் சூரையை வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்ததுதான். பதிலுக்குத் தூத்துக்குடியிலிருந்து இங்கே வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கப்பலேறுகின்றன. மணல்மேல் உட்கார்ந்திருக்கும் நாடு வீடு கட்ட மணலை இறக்குமதி செய்கிறது. இந்தியா ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து ஆற்று மணல் அனுப்புகிறது. நம் ஆறுகளை நினைத்தால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அறைக்கு வருவோம். இணையத்தில் 50 டாலர் என்று ஓர் அறை கண்ணைச் சிமிட்டும். நம்பிவிடாதீர்கள். அதன்மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணம். 2025 ஜூலையிலிருந்து சுற்றுலாவுக்கான சரக்கு சேவை வரி 17 சதவீதம். போதாதென்று பசுமை வரி: சிறிய கெஸ்ட் ஹவுஸ்களில் ஆளுக்கு, இரவுக்கு 3 டாலராக இருந்ததை 2025 தொடக்கத்தில் 6 ஆக்கிவிட்டார்கள். இருவர் தங்கினால் 50 டாலர் அறை 76-ஐத் தொடும். முன்பதிவின்போது ‘வரிகள் உட்பட’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தியர்களுக்கு விசாச் செலவு மட்டும் கிடையாது. இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தை ரூஃபியாவாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. வங்கியில் ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. உள்ளூர்க்காரர் சாப்பிடும் டீக்கடையில் விலை ரூஃபியாவில் இருக்கும். கடற்கரை உணவகத்தில் அதே சோறு டாலரில் இருக்கும். காலையில் மாஸ் ஹுனி: உதிர்த்த சூரை, துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து மெல்லிய ரொட்டியோடு. எண்ணெய் இல்லை, மசாலா இல்லை, வயிறு மதியம்வரை கேட்காது. சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியில் ஹெதிகா என்ற பலகாரங்கள் வரிசையாக இருக்கும். சைவர்கள் கவனிக்கவும்: அங்கே பஜியா என்று தருவது முக்கோண சமோசா, உள்ளே மீன். எதைக் கடித்தாலும் மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி, பருப்பு, முட்டை, பப்பாளி என்று ஓட்டிவிடலாம், ஆனால் ஓட்டுவதுதான்.

தொழுகை நேரத்தில் கடை சாத்தும். பத்துப் பதினைந்து நிமிடம் வாசலில் நின்றால் திறந்துவிடும். மது கிடையாது. நாட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாஃபுஷிக்காரர்கள் இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்ட படகில் பார். குளியல் உடைக்குத் தனியாக மறைப்பு கட்டிய கடற்கரை உண்டு. மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போகும் பெண்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எரிச்சல் படுகிறவர்கள் பெரும்பாலும் ரிசார்ட் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

பை ஓட்டையாவதும் அந்த விளம்பரத்தால்தான். ‘ஒரு நாள் ரிசார்ட் பாஸ்’, ‘மணல்திட்டில் மதிய உணவு’ என்று கெஸ்ட் ஹவுஸ் மேஜையிலேயே அட்டை நீட்டுவார்கள். என்னைக் கேட்டால், ரிசார்ட் பாஸை விட்டுவிடலாம். நூறு டாலருக்குப் பக்கமாகக் கொடுத்து, மற்றவர்கள் தங்கும் அறையின் வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? அந்தக் காசில் பாதிக்குக் குறைவாகவே, பவளப்பாறையில் முகமூடி மாட்டி மிதக்கும் அரைநாள் படகுப் பயணம் கிடைக்கும். ஆமை, நர்ஸ் சுறா, டால்பின் எல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து. சுறா பிடிப்பதை 2010-லேயே தடை செய்த நாடு என்பதால் சுறா விஷயத்தில் அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடுதல். முகமூடியையும் மூச்சுக்குழாயையும் சென்னையிலேயே வாங்கிப் போய்விடுங்கள். தினசரி வாடகை மிச்சம். பவளத் துண்டு, சிப்பி எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலையத்து ஸ்கேனரில் அது நன்றாகவே தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். மாஃபுஷி இப்போது நெரிசலான தீவு. மாலை நேரத்தில் தெருவில் ஸ்கூட்டர், விளம்பரப் பலகை, எல்லா மொழியிலும் அழைப்பு. இரண்டு இரவு போதும். பிறகு பக்கத்தில் குட்டித் தீவான குல்ஹிக்கோ, கரையோரத்தில் திருக்கைகள் வந்து போகும் ஃபுலிதூவுக்கோ, தர்பூசணியும் பப்பாளியும் விளையும் தொட்டூவுக்கோ நகர்ந்துவிடுங்கள். அலைச்சறுக்கு தெரிந்தவர்கள் துலுஸ்தூவுக்குப் போவார்கள். கடல்நீரைக் குடிநீராக்கிக் கோகோ கோலா தயாரிக்கும் ஆலை அங்கே இருப்பதால், அதன் அருகே எழும் அலைக்கே ‘கோக்ஸ்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

எப்போது போவது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு, விலை உச்சம். மே முதல் தென்மேற்குக் காற்றும் மழையும். அறை வாடகை இறங்கிவிடும். ஸ்பீட் போட்டில் முதுகெலும்பு எண்ணப்படும், அதுவும் உண்மை. ஆனால் அதே காற்றுதான் மிதவை உயிரிகளைப் பா பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவுக்குள் திரட்டித் தள்ளுகிறது. அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவது மே முதல் நவம்பர் வரை. பணக்காரர்கள் வராத மாதங்களில் கடல் தன் பெரிய ஆட்களை அனுப்புகிறது. அங்கே ஆழ்மூழ்கலுக்கு அனுமதியில்லை, மிதந்து பார்ப்பது மட்டும்தான். நம் செலவுக் கணக்குக்கு அதுவும் வசதி. பக்கத்திலேயே உள்ளூர் மக்கள் வாழும் தாரவந்தூ இருக்கிறது, கெஸ்ட் ஹவுஸ்களோடு. அடுத்த வாரம் அங்கே போவோம். எந்தப் படகு, எந்தக் கிழமை என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.