உலகப் போரின் திருப்புமுனைகளும் தமிழர் வாழ்வும்



ஒரு பெரும்போரில் எண்ணற்ற சண்டைகள் நிகழும். அவற்றுள் ஒரு சிலவே போரின் போக்கை மாற்றும். அதுவரை முன்னேறிய படை பின்வாங்கும். தோற்றுக்கொண்டிருந்த படை தலைநிமிரும். அத்தகைய நிகழ்ச்சியைத் 'திருப்புமுனை' என்பர்.

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தபோது தொடங்கியது. அடுத்த இரு நாள்களில் பிரிட்டன் போரில் இறங்கியது. அப்போது இந்தியா பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. இந்தியத் தலைவர்களைக் கலந்து பேசாமலேயே, இந்தியாவும் போரில் ஈடுபட்டுள்ளதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 25 இலட்சம் இந்தியர் படையில் சேர்ந்தனர்.

ஸ்டாலின்கிராட், நார்மண்டி முதலிய ஐரோப்பியப் போர்க்களங்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிப்பீர்கள். இப்பாடம் ஆசியாவில் நிகழ்ந்த நான்கு திருப்புமுனைகளை விளக்குகிறது. தமிழர் எங்கே வாழ்ந்தனர், என்ன உண்டனர், யாருக்காகப் போரிட்டனர் என்பவற்றை அவை மாற்றின. நீங்கள் வாழும் பெங்களூருக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு.

1. சிங்கப்பூரின் வீழ்ச்சி

1941 டிசம்பரில் ஜப்பான், அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தையும் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த மலேயாவையும் சில மணி நேர இடைவெளியில் தாக்கியது. மலேயாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, தெற்கு நோக்கி விரைந்தது. எழுபதே நாள்களுக்குள், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே சரணடைந்த ஏறத்தாழ 80,000 வீரர்களுள் பாதி அளவினர் இந்தியர்.

மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் அக்காலத்தில் பல இலட்சம் தமிழர் உழைத்துவந்தனர். தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் ஊருக்குப் பணம் அனுப்பிவந்தனர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. கடலுக்கு இருபுறமும் இருந்த உறவினர், மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் அறியாமல் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தனர்.

2. பர்மாவின் இழப்பும் அரிசித் தட்டுப்பாடும்

இன்று மியான்மர் எனப்படும் நாட்டை அன்று பர்மா என்றனர். அதன் தலைநகரான ரங்கூனின் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத் தொழிலாளர், வணிகர், வட்டித் தொழில் செய்த நகரத்தார் எனத் தமிழரும் பெருந்தொகையாக அங்கே வாழ்ந்தனர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குச் சென்றது.

பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் பெற்றோர் சிலரே. ஏனையோர் காடும் மலையும் கடந்து, மணிப்பூர், அசாம் வழியாக நடந்தே வந்தனர். மலேரியா, வயிற்றுப்போக்கு, பசி ஆகியவற்றால் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தனர்.

பர்மா இழக்கப்பட்டதால் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றது. தென்னிந்திய நகரங்களில் அரிசி தட்டுப்பாடாகி, பங்கீட்டு முறை வந்தது. பெங்களூரின் இலால்பாக் சாலையில் உள்ள எம்.டி.ஆர். உணவகத்தார், அக்காலத் தட்டுப்பாட்டின்போதுதான் தாங்கள் அரிசிக்கு மாற்றாக இரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததாகக் கூறுவர். நீங்கள் விரும்பி உண்ணும் இரவை இட்லிக்குப் பின்னாலும் ஒரு போர்க்கதை வழங்கிவருகிறது!

3. மிட்வேக் கடற்போர்

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்கக் கடலில் நுழைந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் தாக்கப்பட்டன. அடுத்த இலக்கு சென்னையே எனப் பலரும் அஞ்சினர். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊர்களுக்குச் சென்றனர். சென்னைத் தெருக்கள் வெறிச்சோடின.

ஆனால் அந்தக் கடற்படை சென்னைக்கு வரவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின், 1942 ஜூன் மாதத்தில், பசிபிக் பெருங்கடலில் உள்ள மிட்வே என்னும் சிறு தீவின் அருகே ஜப்பானும் அமெரிக்காவும் மோதின. அங்கே ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றுள் மூன்று, கொழும்பைத் தாக்க வந்தவை. சென்னையிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் நடந்த அப்போரே சென்னையின் பேரச்சத்தைக் குறைத்தது.

மிட்வேக்குப் பின் ஜப்பானுக்குக் கடல்வழி பாதுகாப்பற்றதாயிற்று. பர்மாவில் இருந்த தன் படைக்குத் தரைவழியே பொருள்களை அனுப்ப, சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில்பாதையை அது அமைத்தது. சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகளோடு, மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினரும் அங்கே உழைத்தனர். நல்ல கூலி கிடைக்கும் என்ற சொல்லை நம்பிச் சென்றோரும் உண்டு. வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. காலரா பரவியபோது கூட்டங்கூட்டமாக மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. அவற்றில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதையில் இறந்த தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை.

4. இம்பால், கோகிமாப் போர்கள்

1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்து, இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலேயாத் தோட்டத் தமிழர் பலர் அதில் சேர்ந்தனர். சென்னையில் பிறந்த மருத்துவர் இலட்சுமி, ஜான்சி ராணிப் படை என்னும் மகளிர் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அப்படையின் பெண்களுள் பலர் இந்திய மண்ணைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆயினும் அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினர்.

1944 மார்ச்சில் ஜப்பானியப் படையும் இந்திய தேசிய இராணுவமும் மணிப்பூரின் இம்பாலை நோக்கி வந்தன. நாகாலாந்தின் கோகிமாவில், துணை ஆணையர் மாளிகையின் டென்னிஸ் திடலுக்கு இருபுறமும் படைகள் நின்று பொருதன. இம்பாலில் முற்றுகையிடப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு உணவும் குண்டும் வானூர்தி வழியே வந்தன. ஜப்பானியரோ, சில வாரங்களில் வென்றுவிடலாம் எனக் கருதிக் குறைந்த உணவோடு வந்திருந்தனர். பருவமழை தொடங்கியதும் பசியும் நோயும் அவர்களை வீழ்த்தின. ஜூலையில் அவர்கள் பின்வாங்கினர். அதன்பின் பர்மாவில் ஜப்பான் முன்னேறவே இல்லை.

இப்போர்முனையில் தமிழர் இரு அணிகளிலும் இருந்தனர் என்பதை மறவாதீர். ஒருபுறம், பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய மதராஸ் சாப்பர்கள். பாலம் கட்டுதல், சாலை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை அவர்தம் பணிகள். மறுபுறம், இந்திய தேசிய இராணுவத்தின் தோட்டத் தமிழர். முன்னவர் தம் படைக்கும் குடும்பத்துக்கும் கடமை ஆற்றினர். பின்னவர் நாட்டின் விடுதலையை நாடினர். இவர்களுள் ஒருவரை மட்டும் வீரர் என்று கூறி, மற்றவரை மறப்பது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது.

பெங்களூரின் பங்கு

மதராஸ் சாப்பர்களின் தலைமையிடம் எது தெரியுமா? நம் பெங்களூரின் அல்சூர் ஏரியை அடுத்த பகுதியே. 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படை இங்கு வந்தது. இன்றும் அவ்வீரர்களைத் 'தம்பிகள்' என்று அன்போடு அழைப்பர். தண்டுப் பகுதியில், அதாவது கண்டோன்மென்டில், தமிழ்க் குடும்பங்கள் பெருகியதற்குப் படையும் அதைச் சார்ந்த தொழில்களும் முக்கியக் காரணங்கள்.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலையை இங்கு நிறுவினார். 1943இல் அது அமெரிக்க வான்படையின் பொறுப்பில் வந்தது. சீனா, பர்மா, இந்தியப் போர்முனைகளில் பறந்த அமெரிக்க வானூர்திகள் இங்கே பழுதுபார்க்கப்பட்டன. அத்தொழிற்சாலையே இன்றைய எச்.ஏ.எல். நிறுவனமாக வளர்ந்துள்ளது. வேலை தேடி இந்நகருக்கு வந்த தமிழர் பலருக்கு அது வாழ்வளித்தது.

போருக்குப் பின்

1945 மே மாதத்தில் ஜெர்மனி சரணடைந்தது. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டு வீசியது. செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணாகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அவ்வாண்டு நவம்பரில், இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகள் மூவரைத் தில்லிச் செங்கோட்டையில் விசாரித்தபோது நாடே கொதித்தெழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தியா விடுதலை பெற்றது.

உங்கள் குடும்பமும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு காரணத்தால் ஊர்விட்டு வந்த குடும்பமே. நாம் வாழும் இடத்தை நம் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. தொலைவில் நிகழும் போரும் பஞ்சமும், புதிதாகத் தோன்றும் தொழிற்சாலையும் அதை முடிவு செய்கின்றன. ஆதலால் உங்கள் குடும்பத்தின் பயணத்தை அறிவதும் வரலாற்றுக் கல்வியே.

பயிற்சி

1. 'திருப்புமுனை' என்பதன் பொருளை உங்கள் சொற்களில் எழுதுக.
2. மிட்வேயில் நடந்த போர் சென்னையின் அச்சத்தைக் குறைத்தது எவ்வாறு?
3. இம்பால் போர்முனையில் தமிழர் இரு அணிகளிலும் இருந்தமைக்குக் காரணங்கள் யாவை?
4. உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பெங்களூருக்கு வந்தவர் யார்? எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, எதற்காக வந்தார்? வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவர் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதுக.