13 அடி நீட்டிய படகு

ஃப்ளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் துறையைச் சேர்ந்த எட்டு ரோந்துப் படகுகள் இனிக் கடலுக்குப் போகக் கூடாது என்று 2006 நவம்பர் 30 அன்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை உத்தரவிட்டது. அவை எதிலும் மோதவில்லை. யாரும் அவற்றைச் சுடவும் இல்லை. முதல் படகு புதுப்பிக்கப்பட்டு வந்து மூன்று ஆண்டுகூட முடிந்திருக்கவில்லை. எட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவாகியிருந்தது. மொத்தம் 49 படகுகளை இப்படி மாற்றுவதாக இருந்த திட்டம் எட்டோடு நின்றுபோனது. 110 அடி நீளப் படகின் பின்பக்கம் 13 அடி கூட்டி 123 அடியாக ஆக்கியதுதான் அந்தப் புதுப்பிப்பின் முக்கிய வேலை.

அந்த 13 அடியை அவர்கள் வீணாக ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. 1980களில் லூசியானாவின் போலிங்கர் கப்பல் தளத்தில் கட்டத் தொடங்கிய 'ஐலண்ட்' வகைப் படகுகள் இவை. மணிக்கு ஏறத்தாழ 30 கடல்மைல் வேகம் போகும். போதைப்பொருள் கடத்தும் படகைத் துரத்துவது, கவிழ்ந்த தோணியில் இருப்பவர்களை மீட்பது எல்லாம் இவற்றின் அன்றாட வேலை. ஆனால் கடைசி நூறு மீட்டரைப் பெரிய படகால் கடக்க முடியாது. ஒரு சிறு ரப்பர் படகை இறக்கி அதில்தான் போக வேண்டும். பழைய முறையில் அதைப் பக்கவாட்டில் கிரேன் கொண்டு இறக்குவார்கள். கடல் கொந்தளிக்கும்போது அந்தச் சிறு படகு கயிற்றில் ஊசலாடும், தாய்ப்படகின் சுவரில் இடிக்கும், உள்ளே இருப்பவரின் கைகால் நசுங்கும். பின்பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை இருந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கதவைத் திறந்தால் சிறு படகு வழுக்கிக்கொண்டு நீருக்குள் போய்விடும். திரும்பும்போது அதே சரிவில் ஏறி வந்து நிற்கும். பெரிய படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். உண்மையிலேயே நல்ல யோசனை அது. சிக்கல் யோசனையில் இல்லை, படகின் வயிற்றில் இருந்தது.

படகை நீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தாங்குவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். குளத்தில் அது ஓரளவு சரி. கடலில் அலை முகடு நடுப்பகுதிக்குக் கீழே வரும்போது இரு முனைகளும் கிட்டத்தட்ட அந்தரத்தில் தொங்கும். படகு முதுகு வளைந்து மேல்நோக்கிக் கூனும். அடுத்த நொடிகளில் முகடுகள் இரு முனைகளுக்கும் போய்விடும், நடுவில் பள்ளம் விழும். இப்போது படகு தொய்ந்து கீழ்நோக்கி வளையும். கூனும்போது மேல்தளம் இழுபடும், அடித்தட்டு நெருக்கப்படும். தொய்யும்போது அப்படியே தலைகீழ். எஃகாலான படகு கண்ணுக்குத் தெரியாத அளவில் இப்படி வளைந்து நிமிர்ந்துகொண்டேதான் ஓடுகிறது.

இதில் வியப்பான ஒன்று உண்டு. மிகப் பெரிய அலைதான் படகை மிக அதிகமாக வளைக்கும் என்று தோன்றும். அப்படியல்ல. முந்நூறு மீட்டர் நீள அலையில் 37 மீட்டர் படகு முழுதாக ஏறி முழுதாக இறங்கிவிடும், வளைவு குறைவு. அலையின் நீளமும் படகின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போதுதான் ஆபத்து. 37 மீட்டர் நீள அலை ஆழ்கடலில் மணிக்கு சுமார் 15 கடல்மைல் வேகத்தில் ஓடும். அதை எதிர்த்துப் படகு 10 கடல்மைல் வேகத்தில் போனால் மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு முழு வளைவு. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துக்கு மேல்! அலையிலிருந்து எழும்பி விழும்போது அடிப்பகுதியில் படும் அறை இதற்கு மேல் தனிக்கணக்கு.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்து வளைத்துப் பாருங்கள், ஒரு விரலால் வளையும். விளிம்பை மேலே வைத்து நிறுத்திப் பிடித்து வளையுங்கள், அசையாது. அதே பிளாஸ்டிக், அதே எடை; பொருள் எங்கே நிற்கிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. வளைவை எதிர்க்கும் இந்தத் திறனைத்தான் பொறியாளர்கள் 'செக்‌ஷன் மாடுலஸ்' என்ற ஒரே எண்ணில் அடக்குகிறார்கள். படகைக் குறுக்கே அறுத்தால் தெரியும் முகத்தில் எஃகு எவ்வளவு, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதுதான் அந்த எண். அலை தரும் வளைவுச் சுமையை இதால் வகுத்தால் மேல்தளத்திலும் அடித்தட்டிலும் விழும் நெருக்கடி கிடைத்துவிடும்.

இப்போது அந்த 13 அடிக்கு வருவோம். அலையால் வரும் வளைவுச் சுமை நீளத்தின் இருமடியை ஒட்டிக் கூடுகிறது. நீளம் 12 சதவீதம் கூடினால் சுமை 25 சதவீதம் கூடும். கூட்டியது வால்பக்கம், சுமை ஏறுவதோ நடுப்பகுதியில். அங்கே இருப்பது பல ஆண்டு உப்புநீரில் உழைத்த மெல்லிய பழைய தகடு. மெல்லிய தகடு நெருக்கடியில் முறிவதற்கு முன்பே நெளிந்து மடிந்துவிடும். கனம் பாதியானால் மடியாமல் தாங்கும் அளவு கால்பங்காகிவிடும். வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக எடை குறைத்துக் கட்டிய படகுக்கு இந்தக் கணக்கில் மிச்சம் என்று அதிகம் இருக்காது.

இந்தப் புதுப்பிப்பும் அடங்கிய பெரும் ஒப்பந்தம் 2002 ஜூனில் லாக்ஹீட் மார்ட்டினும் நார்த்ராப் கிரம்மனும் சேர்ந்து அமைத்த நிறுவனத்துக்குப் போனது. நீட்டும் வேலை போலிங்கர் தளத்துக்கு. நீட்டிய படகின் செக்‌ஷன் மாடுலஸ் 5,232 கன அங்குலம் என்று படைக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அது 2,615 மட்டுமே என்று பின்னாளில் அரசு தொடுத்த வழக்கில் இருக்கிறது. ஏறத்தாழ சரிபாதி! அது அறியாமல் நேர்ந்த பிழை என்றது போலிங்கர் தளம். பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பாகாமலே 2015இல் 85 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. கப்பல் கட்டமைப்பைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட கார்டராக் என்ற கடற்படை ஆய்வு மையத்தின் பொறியாளர்கள் இந்த நீட்டிப்பு பற்றித் தொடக்கத்திலேயே கவலை தெரிவித்தார்கள், கணக்கைச் சரிபார்த்துத் தர முன்வந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. போலிங்கர் தளம் கடற்படையின் 'சைக்ளோன்' வகைப் படகுகளை 170 அடியிலிருந்து 179 அடியாக நீட்டி நன்றாகவே முடித்திருந்தது; அந்த நம்பிக்கை போதும் என்று இருந்துவிட்டார்கள். ஒரு படகின் எலும்பு வேறொரு படகின் எலும்பல்ல. வடிவமைத்தவரின் எண்ணை வேறொருவர் தனியாகப் போட்டுப் பார்ப்பது என்பது கப்பல் கட்டும் உலகில் பழைய வழக்கம். கடலுக்குப் போகிற மனிதர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமையும் அதுதான்.

முதலில் நீட்டப்பட்ட படகு 'மாட்டகோர்டா'. 2004 மார்ச்சில் கைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐவன் புயலுக்கு ஒதுங்குவதற்காகப் போகும் வழியிலேயே மேல்தளம் விரிசல் விட்டது, உடல் தகடு நெளிந்தது. உடலின் மேல்விளிம்பு நெடுக எஃகுப் பட்டைகளை வெல்டிங் செய்தார்கள். ஓரிடத்தைப் பலப்படுத்தினால் நெருக்கடி பக்கத்து இடத்துக்கு நகர்ந்துவிடும். பிறகும் நெளிவுகள் வந்தன. எட்டடிக்கு மேல் அலை எழும் கடலுக்குப் போகக் கூடாது, வேகத்தையும் குறைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். இன்ஜினிலிருந்து சுழலிக்குப் போகும் நீண்ட தண்டுகளும் நேர்க்கோடு தவறின. உடலே வளைந்தால் அதற்குள் பொருத்திய தண்டு எப்படி நேராக நிற்கும்? கடைசியில்தான் அந்த நவம்பர் உத்தரவு.

இந்தப் படகுகளுக்கு மாற்றாக வரவேண்டிய, எஃகுக்குப் பதில் கூட்டிழைப் பொருளால் ஆன புதுப் படகின் வடிவமைப்பும் அதே 2006இல் தொழில்நுட்பக் குறைகளால் நிறுத்தப்பட்டது. எஞ்சிய 110 அடிப் படகுகளில் சிலவற்றுக்கு இரண்டு இரண்டு குழுக்களை நியமித்து மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கிழட்டுப் படகுகளுக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

2007இல் படை திட்டத்தின் பொறுப்பை அந்தக் கூட்டு நிறுவனத்திடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் புதிய 'சென்டினல்' வகைக்கு ஒப்பந்தம் போட்டது. கட்டியது அதே போலிங்கர் தளம். இந்த முறை வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நெதர்லாந்தின் டாமென் நிறுவனத்தின் படகு, தென்னாப்பிரிக்கக் கடலில் ஏற்கெனவே ஓடிக் காட்டிய வடிவம், அடிப்படையானது. 2012 ஏப்ரலில் மயாமியில் முதல் படகு 'பெர்னார்ட் சி. வெப்பர்' பணியில் சேர்ந்தது. நீளம் 154 அடி. சிறு படகு இறங்கும் சரிவு அதன் பின்பக்கத்திலும் இருக்கிறது. அந்தச் சரிவின் எடையையும் நீளத்தையும் முதல் வரைபடத்திலேயே கணக்கில் எடுத்து, அதற்கேற்ற கனத்தில் தகடு போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.