நடுங்கும் ட்ரோனுக்கு கம்ப்யூட்டர் வைத்தியம்

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கும் கீபோர்டு, மவுஸைத் தாண்டி வேறு எதையாவது யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. சமீபகாலமாக அந்த ஆசை ட்ரோனில் வந்து நிற்கிறது. ட்ரோனின் மூளை ஃப்ளைட் கன்ட்ரோலர் என்ற சின்ன போர்டு. அதிலுள்ள கைரோ சென்சார், ட்ரோன் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது தப்பாகச் சொன்னால் மோட்டாரும் தப்பாகத்தான் சுற்றும்.

என் சித்தி மகன் கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஆர்டினோ போர்டையும் எம்பியூ-6050 சென்சாரையும் வைத்து ஒரு ட்ரோன் செய்தான். சமர்ப்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. "அண்ணா, கிளம்பினாலே நடுங்குது, ஒரு பக்கமா சாயுது" என்றான். புரோகிராமில் எண்களை மாற்றி மாற்றி இரண்டு இறக்கைகளை உடைத்திருந்தான். முதலில் நான்கு இறக்கைகளையும் கழற்றச் சொன்னேன். நீங்களும் மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது இதைச் செய்துவிடுங்கள். விரல் முக்கியம்.

ஆர்டினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் சீரியல் ப்ளாட்டர் இருக்கிறது. அதை கிளிக் செய்தால், போர்டு அனுப்பும் எண்கள் கோடாக ஓடும். ட்ரோன் அசையாமல் இருக்கும்போது கோடு பூஜ்யத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு 262-ஐ ஒட்டி ஓடியது. இந்த சென்சாரை 250 டிகிரி அளவில் வைத்தால், 131 என்பது வினாடிக்கு 1 டிகிரி. அதாவது சும்மா இருக்கும் ட்ரோன், வினாடிக்கு 2 டிகிரி திரும்புவதாக நினைக்கிறது. பத்து வினாடியில் 20 டிகிரி! சாய்வுக்குக் காரணம் இதுதான். தொடக்கத்தில் 2000 அளவுகளை எடுத்து, சராசரியைக் கழித்துவிட்டால் போதும். சிப் சூடேறும்போது இந்த எண்ணும் மாறும். எனவே பவர் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து எடுங்கள்.

சராசரி எடுக்கும்போது மேஜையை யாராவது தட்டினால் எல்லாம் வீண். அதற்காக, மிக அதிக அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் கூடினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்படி எழுதினோம். பேஸ்ஃப்ளைட் என்ற பழைய ட்ரோன் மென்பொருளில் இதே வேலையைச் செய்யும் செட்டிங்குக்கு 'மோரான் த்ரெஷோல்டு' என்று பெயர். போர்டை ஆட்டுகிற முட்டாளுக்கான வரம்பு! எழுதியவர் எவ்வளவு நொந்திருப்பார்!

நடுக்கம் வேறு நோய். சராசரி இதற்கு உதவாது. மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். இறக்கை இல்லாமல் கோடு ஓரளவு அமைதியாகவே இருந்தது. பிறகு ட்ரோனைக் கனமான பலகையில் இறுகக் கட்டி, இறக்கைகளை மாட்டி, தள்ளி நின்று ஓட்டினோம். மூன்றாவது மோட்டாரில் கோடு ரம்பமாக மாறியது. அந்த இறக்கையின் ஓரத்தில் சின்ன வெட்டு. இறக்கையை மாற்றியதும் பாதி குறைந்தது. எடை மட்டும் சமமில்லை என்றால், லேசான பக்கத்தில் சிறு துண்டு செல்லோடேப் ஒட்டினாலே சரியாகும்.

மீதிப் பாதிதான் சுவாரஸ்யம். மோட்டார் நிமிடத்துக்கு 12000 சுற்று சுற்றினால், அதிர்வு வினாடிக்கு 200. எங்கள் புரோகிராம் சென்சாரைப் படிப்பதோ வினாடிக்கு 250 முறை. இப்படிப் படித்தால் 200 என்ற அதிர்வு 50 ஆக வேஷம் போட்டு வரும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத்தான். படித்த பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும், இது நிஜ அசைவா, வேஷமா என்று பிரிக்க முடியாது. படிப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும். அதற்கு சிப்புக்குள்ளேயே ஃபில்டர் இருக்கிறது. 26-ஆம் ரெஜிஸ்டரில் 3 என்று எழுதினால், கைரோவில் 42 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் அடங்கத் தொடங்கும், தாமதம் 4.8 மில்லி வினாடி. இன்னும் அமைதி வேண்டுமென்று 6 போட்டுவிடாதீர்கள். கோடு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தாமதம் 18.6 மில்லி வினாடியாகிவிடும். ட்ரோன் சாய்ந்து முடித்த பிறகுதான் மோட்டாருக்குச் செய்தி போகும். அதுவும் ஒருவகை நடுக்கம்தான்.

சென்சாரை ஃபிரேமில் நேரடியாகத் திருகாமல், இருபுறமும் ஒட்டும் ஃபோம் டேப்பில் உட்கார வைத்தால் ஃபில்டருக்கு வேலை குறையும். பேட்டரி வயர்கள் அதை இழுக்காதபடி தனியாகக் கட்டுங்கள். பிறகு கைரோ அளவை மறுபடி எடுத்துவிடுங்கள்.